இரண்டாம் முறையின் கணக்கு: மேஜிக் டிராஃப்டில் தாக்கும் உயிரிகளை மதிப்பிட்ட வரலாறு

மேஜிக்: தி கேதரிங் என்னும் அட்டை விளையாட்டு 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்து, பீட்டர் அட்கிசனின் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட இவ்விளையாட்டு, அதற்கு முந்தைய சீட்டாட்டங்களிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. ரம்மி ஆடுவோர் அனைவரும் பொதுவான சீட்டுகளிலிருந்தே எடுத்து ஆடுகிறார்கள். மேஜிக் ஆடுவோரோ ஆளுக்கொரு கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு ஆட்டத்துக்கு வருகிறார்கள். முதல் அச்சிலேயே 295 அட்டைகள் இருந்தன. அவற்றுள் எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்னும் தெரிவே ஆட்டத்தின் போக்கைப் பெருமளவு தீர்மானித்தது. அதனால் அட்டைகளை மதிப்பிடுவது இவ்விளையாட்டில் ஒரு தனிக் கலையாகவும், பின்னாளில் ஏறத்தாழ ஓர் அறிவுத்துறையாகவும் வளர்ந்தது. அத்துறையில் நெடுங்காலம் தவறாக எடைபோடப்பட்டது, விலை குறைந்ததும் உருவில் சிறியதும் தற்காப்பைவிடத் தாக்குதலுக்கே உதவுவதுமான உயிரி அட்டை ஆகும். அது சரியாக மதிப்பிடப்பட்ட கதை, மேஜிக்கில் காலம் என்பதன் விலை கண்டறியப்பட்ட கதையும் ஆகும்.

அக்கதையைப் பின்தொடர்வதற்கு விளையாட்டின் சில விதிகளை அறிந்திருத்தல் வேண்டும். எதிரெதிரே அமரும் இருவரும் ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளிகளுடனும் கையில் 7 அட்டைகளுடனும் தொடங்குகிறார்கள். எதிரியின் புள்ளிகளைச் சுழியத்துக்குக் கொண்டுவருபவர் வெல்கிறார். ஒருவர் தம் முறை ஒவ்வொன்றிலும் ஒரு நில அட்டையை மட்டுமே களத்தில் இறக்கலாம். நிலங்கள் மனா எனப்படும் ஆற்றலைத் தருகின்றன. மற்ற அட்டைகள் அனைத்துக்கும் விலை அந்த மனாவில்தான் குறிக்கப்படுகிறது. ஆகவே இரண்டு மனா விலையுள்ள அட்டையைப் பொதுவாக இரண்டாம் முறையிலும், ஆறு மனா விலையுள்ளதை ஆறாம் முறையிலும்தான் ஆட முடியும். உயிரி என்பது களத்தில் நின்று போரிடும் அட்டை வகையாகும். அதன் கீழ்மூலையில் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும்: முன்னது அது விளைவிக்கும் சேதத்தைக் காட்டும் தாக்குதிறன், பின்னது அதைக் கொல்லத் தேவையான சேதத்தைக் காட்டும் தாங்குதிறன். 2/1 என்றால் இரண்டு சேதம் தரும், ஒரு சேதத்தில் இறக்கும் என்பது பொருள். களத்துக்கு வந்த அதே முறையில் உயிரி தாக்க இயலாது. அடுத்த முறையிலிருந்தே தாக்கலாம். தாக்கப்படுபவர் விரும்பினால் தம் உயிரியைக் குறுக்கே நிறுத்தித் தடுக்கலாம். தடுக்காவிட்டால் சேதம் அவருடைய உயிர்ப்புள்ளிகளில் கழியும்.

முதல் அச்சின் உயிரிகளைப் பார்த்தால், அவற்றுக்கு விலை குறித்தவர்களிடமே உறுதியான அளவுகோல் இல்லாதது தெரிகிறது. கிரிஸ்லி பேர்ஸ் என்னும் பச்சை நிறக் கரடி அட்டை இரண்டு மனாவுக்கு 2/2. கிரே ஓகர் என்னும் சிவப்பு நிற அட்டை அதே 2/2 உருவத்துக்கு மூன்று மனா கேட்டது. ஹில் ஜயன்ட் நான்கு மனாவுக்கு 3/3. இவை மூன்றும் எளிதில் கிடைக்கும் சாதாரண வகையைச் சேர்ந்தவை. ஆனால் ஒரே மனாவுக்கு 2/1 ஆகிய சவானா லயன்ஸ் என்னும் வெள்ளை நிறச் சிங்க அட்டை, அட்டைகள் விற்கப்பட்ட பொட்டலத்துக்கு ஒன்று மட்டுமே கிடைக்கும் அபூர்வ வகையில் வைக்கப்பட்டது. ஒரு மனாவுக்கு இரண்டு தாக்குதிறன் என்பது அக்காலத்தில் அத்துணை உயர்வாகக் கருதப்பட்டது. அதே அளவுள்ள உயிரிகள் பிற்காலத் தொகுப்புகளில் சாதாரண வகையிலேயே அச்சாயின. டிராஃப்டில் அவற்றை எடுக்கலாமா வேண்டாமா என்று ஆட்டக்காரர்கள் தயங்கவும் செய்தார்கள். எண்கள் மாறவில்லை; அவற்றைச் சூழ்ந்திருந்த அட்டைகளும், அவற்றைப் படிப்பவர்களின் அறிவும் மாறின.

டிராஃப்ட் என்னும் வழக்கம்

டிராஃப்ட் என்பது வீட்டிலிருந்து கட்டைக் கொண்டுவராமல், ஆட்டக்களத்திலேயே பொட்டலங்களைப் பிரித்து, அட்டைகளை ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்துக் கட்டை அமைக்கும் வழக்கமாகும். நெடுங்காலம் நிலவிய வடிவத்தில் எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தனர். ஒவ்வொருவருக்கும் 15 அட்டைகள் கொண்ட மூன்று பொட்டலங்கள் தரப்பட்டன. முதல் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை இடப்புறம் இருப்பவரிடம் தரவேண்டும். வலப்புறத்திலிருந்து வருவதில் மீண்டும் ஒன்றை எடுக்கவேண்டும். இரண்டாம் பொட்டலம் வலப்புறமாகவும், மூன்றாவது மீண்டும் இடப்புறமாகவும் சுற்றும். முடிவில் மேசையிலுள்ள 360 அட்டைகளும் ஆளுக்கு 45 எனப் பிரிந்துவிடும்; அவற்றுள் ஏறக்குறைய 23 அட்டைகளுடன் 17 நிலங்களைச் சேர்த்து 40 அட்டைக் கட்டு அமைக்கப்படும். 2024 பிப்ரவரியில் பொட்டலத்தின் அளவு 14 அட்டைகளாகக் குறைந்தபோதும் அடிப்படை மாறவில்லை.

இவ்வழக்கத்தில் அட்டையின் மதிப்பைப் பற்றிய கேள்வி வேறு உருவம் பெறுகிறது. கட்டை முன்கூட்டியே அமைத்து வரும் ஆட்டத்தில், தாக்கும் உயிரியை விரும்புபவர் அதனோடு ஒத்துழைக்கும் அட்டைகளையும் விரும்பிய அளவு சேர்த்துக்கொள்ளலாம். விதி அனுமதிக்கும் நான்கு படிகளையும் ஒரே கட்டில் வைக்கலாம். டிராஃப்டிலோ வருவதைக் கொண்டே கட்ட வேண்டும். இன்று எடுக்கும் அட்டைக்குத் துணை வருமா என்பது எடுக்கும் நேரத்தில் தெரியாது. அதே வேளையில், கையிலிருந்து கைக்குச் செல்லும் பொட்டலங்கள் செய்தியையும் சுமந்து வருகின்றன. ரம்மியில் எதிரி கீழே போடும் சீட்டையும் எடுக்கும் சீட்டையும் கவனிப்பவர் அவர் கையை ஊகிப்பதுபோல, டிராஃப்டில் எந்த நிறத்தின் நல்ல அட்டைகள் பின்தங்கி வருகின்றன என்று கவனிப்பவர், வலப்புறம் இருப்பவர்கள் எதை விரும்பவில்லை என்பதை அறிகிறார். எட்டுப் பேர் மேசையில், ஒருவர் முதலில் பிரித்த பொட்டலம் எட்டு அட்டைகள் குறைந்த நிலையில் அவருடைய ஒன்பதாம் தெரிவுக்குத் திரும்பி வரும். அப்போதும் அதில் நல்ல தாக்கும் உயிரி ஒன்று எஞ்சியிருந்தால், மேசையில் எவரும் அந்த வழியில் செல்லவில்லை என்பதற்கு அது வலுவான அடையாளமாகும்.

1996 பிப்ரவரியில் நியூயார்க்கில் நடந்த முதல் புரோ டூர், அதாவது பரிசுத்தொகையுடன் கூடிய தொழில்முறைப் போட்டி, முன்கூட்டி அமைத்த கட்டுகளைக் கொண்டு ஆடப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த இரண்டாவது புரோ டூர் டிராஃப்ட் வடிவத்தில் நடைபெற்றது; ஷான் ரெக்னியர் அதை வென்றார். பணத்துக்காக டிராஃப்ட் ஆடப்பட்டதும், எந்த அட்டையை எதற்கு முன் எடுப்பது என்பது பொழுதுபோக்குப் பேச்சாக இருந்த நிலை மாறி, கணக்கிட்டுப் பேசவேண்டிய பொருளாயிற்று. ஆயினும் அதுவரை வெளிவந்த தொகுப்புகள் டிராஃப்டை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டவை அல்ல. 1996 அக்டோபரில் வந்த மிராஜ் தொகுப்பில்தான் வடிவமைப்பாளர்கள், பொட்டலத்தைப் பிரித்து ஆடுபவர்களைக் கருத்தில் கொண்டு உயிரிகளின் எண்ணிக்கையையும் அளவையும் முதன்முறையாகத் திட்டமிட்டனர். ஃபிளாங்கிங் என்னும் திறன் அத்தொகுப்பிலேயே அறிமுகமானது; அத்திறன் கொண்ட உயிரியைத் தடுக்கும், அத்திறன் இல்லாத உயிரியின் எண்கள் இரண்டும் ஒவ்வொன்று குறையும். தாக்கும்போது மட்டுமே பயன் தரும் திறன் ஒன்று தொகுப்பின் அடையாளமாகவே வைக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

மனா வளைவின் கண்டுபிடிப்பு

தொடக்க ஆண்டுகளில் அறிவார்ந்த ஆட்டம் என்று மதிக்கப்பட்டது, எதிரியின் அட்டைகளை ஒவ்வொன்றாக முறியடித்து, தன் கையில் அதிக அட்டைகளைச் சேர்த்து, மெதுவாக வெல்லும் ஆட்டமே. ஓர் அட்டையால் எதிரியின் இரண்டு அட்டைகளை வீழ்த்துவது ஆதாயம் என்னும் கணக்கு அப்போது பரவலாக ஏற்கப்பட்டிருந்தது. அக்கணக்கின்படி பார்த்தால் 2/1 உயிரி மிக மோசமான முதலீடு. எதிரியின் ஏறக்குறைய எந்த உயிரி தடுத்தாலும் அது இறந்துவிடும், ஆட்டம் நீண்டால் பயனற்றுப் போகும்.

இந்தக் கணக்கில் விடுபட்டிருந்தது காலம். 1996இல் அட்லாண்டாவில் நடந்த ஒரு தகுதிப் போட்டியில் பால் ஸ்லை என்பவர், ஜே ஷ்னைடர் உருவாக்கிய ஒரு சிவப்புக் கட்டைக் கொண்டு முன்னணிக்கு வந்தார். அக்கட்டின் பட்டியலைத் தனித்தனி அட்டைகளாகப் படித்தவர்களுக்கு அது ஏளனத்துக்குரியதாகவே தோன்றியது. அயர்ன்கிளா ஓர்க்ஸ் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு: இரண்டு மனாவுக்கு 2/2, ஆனால் இரண்டோ அதற்கு மேலோ தாக்குதிறன் உள்ள உயிரிகளைத் தடுக்க இயலாது என்னும் குறை அதற்கு உண்டு. குறை எழுதப்பட்ட அட்டையை எவரும் விரும்புவதில்லை. ஆனால் ஷ்னைடரின் கட்டில் தடுக்கும் எண்ணமே இல்லை. எனவே அக்குறைக்கு அங்கே விலையும் இல்லை. சிவப்பு நிறத்தில் கரடிக்கு இணையான உருவம் அக்காலத்தில் கிடைப்பது அரிதாகையால், அயர்ன்கிளா ஓர்க்ஸ் அந்தக் கட்டுக்கு மலிவான ஒப்பந்தமாகவே அமைந்தது.

ஸ்லை என்னும் பெயராலேயே பின்னர் அறியப்பட்ட அக்கட்டின் உண்மையான புதுமை, அட்டைகளை அவற்றின் விலைப்படி எண்ணி வைத்ததாகும். முதல் முறையில் ஆட ஒரு மனா அட்டைகள் இத்தனை, இரண்டாம் முறைக்கு இத்தனை, மூன்றாம் முறைக்கு இத்தனை என்று எண்ணி, எந்த முறையிலும் மனா வீணாகாதபடி கட்டு அமைக்கப்பட்டது. இந்த எண்ணிக்கையை வரைபடமாக்கினால் கிடைக்கும் கோடே மனா வளைவு எனப்படுகிறது. இதன்படி, ஓர் உயிரியின் மதிப்பு அதன் இரு எண்களில் மட்டும் இல்லை. அது களத்துக்கு வரும் நேரத்திலும் இருக்கிறது. இரண்டாம் முறையில் வந்த 2/2 உயிரி மூன்று, நான்கு, ஐந்தாம் முறைகளில் தடையின்றித் தாக்கினால் ஆறு புள்ளிகள் கழிந்துவிடும். இது எதிரியின் மொத்த உயிரில் பத்தில் மூன்று பங்கு. அதே உயிரி ஏழாம் முறையில் வந்தால், எதிரியின் பக்கம் நிற்கும் பெரிய உயிரிகளால் அது ஒருமுறைகூடத் தாக்க முடியாமல் போகலாம். அச்சிட்ட அட்டை ஒன்றேதான், மதிப்புகள் இரண்டு.

ஆட்டக்களத்திலிருந்து வாதக்களத்துக்கு

1997 அக்டோபரில் வெளிவந்த டெம்பெஸ்ட் தொகுப்பு இவ்வறிவை இரண்டு திசைகளில் சோதித்தது. அதில் இருந்த ஜாக்கல் பப் என்னும் நரிக்குட்டி அட்டை, ஒரு சிவப்பு மனாவுக்கு 2/1. ஆனால் அது வாங்கும் சேதத்தின் அளவு தன் உடைமையாளரின் உயிரிலும் கழியும். 1998இல் லாஸ் ஏஞ்சலிஸ் புரோ டூரை, விலை குறைந்த சிவப்பு உயிரிகளால் ஆன கட்டைக் கொண்டு டேவிட் பிரைஸ் வென்றபோது, இத்தகைய உயிரிகளைப் பற்றிய ஏளனம் அடங்கியது. தாக்குபவன் வைக்கும் அச்சுறுத்தல் எதுவானாலும் எதிரி அதற்குச் சரியான விடையை வைத்திருந்தாக வேண்டும். விடைதான் தவறாகப் போகலாம், அச்சுறுத்தல் தவறாவதில்லை என்னும் கருத்து பிரைஸின் பெயருடன் இணைத்துப் பேசப்படுகிறது.

ஆயினும் அந்த வெற்றி டிராஃப்டுக்கு அப்படியே பொருந்தவில்லை. போட்டிக் கட்டில் நான்கு ஜாக்கல் பப்புகளும், அவை திறந்த வழியை முடித்துவைக்கும் நேரடிச் சேத அட்டைகளும் இருந்தன. டிராஃப்ட் மேசையில் கிடைத்த ஒற்றை ஜாக்கல் பப்போ எந்த 2/2 உயிரியின் முன்னும் நின்றுபோயிற்று. அதே தொகுப்பின் டிராஃப்டில் உண்மையாக ஆட்டத்தை வென்று கொடுத்தவை நிழல் என்னும் திறன் கொண்ட உயிரிகள். நிழல் உயிரியை மற்றொரு நிழல் உயிரி மட்டுமே தடுக்க முடியும். நிழல் உயிரியும் நிழல் அல்லாததைத் தடுக்க முடியாது. இரண்டு கறுப்பு மனாவுக்கு 2/2 ஆகிய தௌத்தி ஸ்லேயர் என்னும் சாதாரண வகை அட்டை, ஒவ்வொரு முறையும் தாக்கியே ஆகவேண்டும் என்னும் கட்டுப்பாட்டுடன் வந்தது. ஆனால் எதிரியால் பெரும்பாலும் அதைத் தடுக்க இயலாததால், அக்கட்டுப்பாடு ஒரு சுமையாகவே தோன்றவில்லை. தடுப்பாரைத் தாண்டிச் செல்லும் இத்தகைய திறன்களைத் தவிர்ப்புத் திறன்கள் என்று வகைப்படுத்தலாம். பறத்தலும் அவற்றுள் ஒன்று. தவிர்ப்புத் திறன் உள்ள தாக்கும் உயிரி ஆட்டம் நீண்டாலும் மதிப்பு இழப்பதில்லை, அது இல்லாததோ ஒவ்வொரு முறையும் மதிப்பை இழந்துகொண்டே செல்கிறது என்னும் வேறுபாடு, டிராஃப்ட் மதிப்பீட்டின் முதன்மையான பிரிவுக்கோடாக நிலைத்தது.

1999இல் மைக் ஃபுளோரஸ் எழுதிய ஒரு கட்டுரை இக்கருத்துகளுக்குப் பொதுவான அடித்தளம் அமைத்தது. ஒத்த தன்மையுள்ள இரு கட்டுகள் மோதும்போது, ஒருவர் தாக்குபவராகவும் மற்றவர் தாக்குப்பிடிப்பவராகவும் இருக்க நேர்கிறது. தம் பங்கு எது என்பதைத் தவறாகக் கொள்பவர் தோற்கிறார் என்பது அதன் சாரம். தாக்கும் உயிரியைப் பொறுத்தவரை இதன் விளைவு பெரிது. அட்டை நல்லதா என்று தனியாகக் கேட்பது பொருளற்றது. அது அமரப்போகும் கட்டு ஆட்டத்தில் எந்தப் பங்கை ஏற்கப்போகிறது என்பதோடு சேர்த்தே கேட்க வேண்டும். தாக்குப்பிடிக்கும் கட்டில் இடம்பெற்ற 2/1 உயிரி, தன் கட்டின் நோக்கத்துக்கே எதிராக நிற்கும்.

ஒரே உலகம், இரண்டு வேகங்கள்

சூழல் அட்டையின் விலையை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு, 2009 அக்டோபரில் வந்த செண்டிகார் தொகுப்பும், அதே கதையுலகில் 2010 ஏப்ரலில் வந்த ரைஸ் ஆஃப் தி எல்ட்ராசி தொகுப்பும் இயல்பாக அமைந்த ஒரு சோதனையாக விளங்குகின்றன. இவ்விரண்டுக்கும் இடையில் ஆறு மாதங்களே கடந்திருந்தன. ஆடியவர்களும் பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்களே.

செண்டிகாரின் அடையாளமாக இருந்தது லேண்ட்ஃபால் என்னும் திறன். உடைமையாளர் நில அட்டையை இறக்கும்போதெல்லாம் அது உயிரிக்கு ஒரு பயனைத் தரும். பிளேட்டட் ஜியோபீட் என்னும் சாதாரண வகை அட்டை, இரண்டு மனாவுக்கு 1/1; சண்டையில் முதலில் அடிக்கும் திறனும் அதற்கு உண்டு; நிலம் இறங்கிய முறையில் அது 3/3 ஆகிவிடும். ஸ்டெப் லிங்க்ஸ் ஒரு மனாவுக்கு 0/1; நிலம் இறங்கினால் 2/3. நிலத்தைப் பெரும்பாலும் சொந்த முறையிலேயே இறக்க முடியும் என்பதால் இந்தப் பயனும் சொந்த முறையில்தான் கிட்டும். எதிரியின் முறையில் அதே உயிரிகள் சிறுத்துப்போய் நின்றன. இவ்வாறு தாக்குபவர் பெருத்தும் தடுப்பவர் சிறுத்தும் இருந்த அமைப்பே அத்தொகுப்பின் வேகத்துக்குக் காரணம். அங்கே தற்காத்து நிற்பது, விதிகளின் போக்குக்கே எதிராக நிற்பதாக இருந்தது. வாம்பயர் லேசரேட்டர் என்னும் அட்டை ஒரு மனாவுக்கு 2/2 ஆக இருந்து, எதிரியின் உயிர் பத்தாகக் குறையும்வரை ஒவ்வொரு முறையும் தன் உடைமையாளரின் உயிரில் ஒன்றைக் கழித்தது. அந்த இழப்பையும் பொறுத்துக்கொண்டு ஆட்டக்காரர்கள் அதை ஆடினார்கள்.

ரைஸ் ஆஃப் தி எல்ட்ராசியோ முற்றிலும் எதிரான நோக்கத்துடன் உருவாக்கப்பட்டது. எட்டு மனாவுக்கு 8/8 ஆகிய உலமாக்ஸ் க்ரஷர் என்னும் பேருருவம் அங்கே சாதாரண வகையிலேயே கிடைத்தது. அபூர்வங்களின் உச்சியில் பதினைந்து மனாவுக்கு 15/15 ஆகிய எம்ராகுல் இருந்தது. இத்தகைய உயிரிகள் களத்துக்கு வர வேண்டுமானால் ஆட்டம் நீள வேண்டும். ஆட்டம் நீள வேண்டுமானால் தொடக்கத் தாக்குதல் மட்டுப்பட வேண்டும். அதற்காகவே இரண்டு மனாவுக்கு 0/4 ஆகிய ஓவர்கிரோன் பேட்டில்மென்ட் போன்ற சுவர்களும், தற்காலிகத் தடுப்பாகத் தம்மைப் பலியிடக்கூடிய 0/1 சிறு உயிரிகளும் தாராளமாக வைக்கப்பட்டன. செண்டிகாரில் ஆட்டத்தை வென்று கொடுத்த 2/2 உருவம் இங்கே சுவர் ஒன்றின் முன் செய்வதறியாது நின்றது. தாக்கும் உயிரியின் விலை அதன் சொந்தக் குணத்தால் மட்டுமன்றி, தொகுப்பில் சாதாரண வகையாக இருக்கும் தடுப்பு உயிரிகளின் அளவாலும் தீர்மானிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று மேஜிக்கின் வரலாற்றில் அரிது.

ஓர் அட்டையின் எடை

இவ்வாறு திரண்ட அறிவு ஒரு தனி அட்டையின்மேல் எவ்வாறு செயல்படுகிறது என்பதை, 2014 ஜூலையில் வெளிவந்த மேஜிக் 2015 அடிப்படைத் தொகுப்பின் பார்டர்லேண்ட் மரோடர் என்னும் சாதாரண வகைச் சிவப்பு அட்டையைக் கொண்டு காணலாம். அதன் விலை இரண்டு மனா, உருவம் 1/2, தாக்கும்போதெல்லாம் அந்த முறை முடியும்வரை அதன் தாக்குதிறன் இரண்டு கூடும். அச்சிட்ட எண்களை மட்டும் நோக்கினால் இது கரடியைவிடத் தாழ்ந்தது. ஆனால் தாக்கும்போது அது 3/2. எதிரியின் 1/3 தடுப்பாளர் முன்னால் கரடி தயங்கி நிற்கும். மரோடரோ அதைக் கொன்று தானும் பிழைக்கும். 2/2 உயிரி தடுத்தால் இரண்டும் இறக்கும். எதிரி மூன்று மனா செலவிட்டு இறக்கிய 2/3 உயிரி தடுத்தாலும் இரண்டும் இறக்கும். பின்னதில் தாக்கியவருக்கு ஒரு மனா மிச்சம். அவ்வளவு நேரம் அவர் முன்னேறிவிட்டார் என்றும் அதைச் சொல்லலாம். இந்த முன்னேற்றத்தையே ஆட்டக்காரர்கள் டெம்போ என்கிறார்கள். தடுக்க நின்றாலோ மரோடர் வெறும் 1/2 தான். 2/2 உயிரி ஒன்றைத் தடுத்தால் எதையும் கொல்லாமல் இறக்கும். ஆகவே அது ஒருபுறம் மட்டும் கூர்மையான கத்தி.

இக்கத்தி எத்தனை முறை உரிய நேரத்தில் கைக்கு வரும் என்பது அடுத்த கேள்வி. அதற்கு எளிய நிகழ்தகவுக் கணக்கே விடை தருகிறது. முதலில் ஆடுபவர் தம் முதல் முறையில் அட்டை எடுப்பதில்லையாதலால், இரண்டாம் முறையில் அவர் கண்டிருப்பது 40இல் 8 அட்டைகள். கட்டில் இரண்டு மனா உயிரிகள் மூன்று மட்டுமே இருந்தால், அப்போது அவற்றுள் ஒன்றேனும் கையில் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 50 விழுக்காடு. ஆறு இருந்தால் அது 76 விழுக்காடாகவும், எட்டு இருந்தால் 86 விழுக்காடாகவும் உயர்கிறது. இந்த எண்கள் இரண்டு உண்மைகளைச் சொல்கின்றன. தனித்து எடுத்த ஒரு தாக்கும் உயிரி பெரும்பாலான ஆட்டங்களில் தன் நேரத்தில் வருவதில்லை. எனவே அவ்வகை அட்டைகளைச் சிறு எண்ணிக்கையில் எடுப்பது பயனற்றது. எண்ணிக்கை போதுமான அளவை எட்டிய பின்னரோ, மேலும் எடுக்கும் ஒவ்வொன்றும் முன்னதைவிடக் குறைவான பயனையே தருகிறது; அந்த நிலையில் அடுத்த தெரிவு, தடுப்பாரை அகற்றும் அட்டைக்கோ, சண்டையின் நடுவில் உயிரியைப் பெரிதாக்கும் அட்டைக்கோ செல்ல வேண்டும். முதல் அச்சிலேயே இருந்த ஜயன்ட் குரோத் பின்னதற்குப் பழைய எடுத்துக்காட்டு: ஒரு மனாவுக்கு +3/+3. தடுக்கப்பட்ட சிறு உயிரியைக் காப்பாற்றி, தடுத்த நான்கு மனா விலையுள்ள பெரிய உயிரியைக் கொல்லும்போது, ஒரு மனா நான்கு மனாவை விலைக்கு வாங்கிவிடுகிறது. தாக்காமல் பொறுத்திருந்தால் அத்தகைய அட்டைக்கு இத்தனை வேலை இல்லை. தாக்கும் உயிரிதான் அதற்கு வேலை தருகிறது.

எண்கள் சாட்சி சொன்ன காலம்

2018இல் பொதுச் சோதனை வடிவிலும் 2019இல் முழுமையாகவும் வெளிவந்த மேஜிக் அரீனா என்னும் கணினி வடிவம், மேற்கூறிய வாதங்களை எண்ணிப் பார்க்க வழி செய்தது. ஆட்டக்காரர்கள் தாமாக முன்வந்து தரும் ஆட்டப் பதிவுகளைத் திரட்டி, அட்டைவாரியாக வெற்றி விழுக்காட்டை வெளியிடும் செவன்டீன் லேண்ட்ஸ் என்னும் சேவை தோன்றியது. 40 அட்டைக் கட்டில் வழக்கமாக இடம்பெறும் 17 நிலங்களையே அதன் பெயர் குறிக்கிறது. அதன் அளவைகளில் இரண்டு இங்கே முக்கியமானவை. தொடக்கக் கையில் ஓர் அட்டை இருந்த ஆட்டங்களின் வெற்றி விழுக்காட்டை ஒன்று தருகிறது. அதே அட்டை ஆட்டத்தின் நடுவில் எடுக்கப்பட்ட ஆட்டங்களின் வெற்றி விழுக்காட்டை மற்றொன்று தருகிறது. விலை குறைந்த தாக்கும் உயிரிகளுக்கு முன்னது பின்னதைவிட உயர்ந்து நிற்பது இயல்பு. விலை மிகுந்த உயிரிகளுக்கு அது தலைகீழாவதும் உண்டு. 1996இல் ஒரு சிவப்புக் கட்டு உணர்த்திய செய்தி இவ்வாறு இரண்டு பத்திகளில் அடங்கிய எண்களாயிற்று.

ஆனால் எண்களையும் அவற்றின் பிறப்பிடத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். பதிவுகளைத் தருபவர்கள் ஈடுபாடு மிகுந்தவர்கள். சராசரி ஆட்டக்காரரைவிட அதிகமாக வெல்பவர்கள். மேலும், தாக்கும் உயிரியை அறிந்தவர்கள் அதைத் தாக்கும் கட்டில் மட்டுமே வைக்கிறார்கள். ஆகவே அட்டையின் பெயருக்கு நேரே நிற்கும் வெற்றி விழுக்காடு அந்த அட்டையை மட்டும் அளப்பதில்லை, அது குடியிருந்த கட்டுகளையும் சேர்த்தே அளக்கிறது. உயர்ந்த எண்ணைக் கண்டு அதைத் தாக்குப்பிடிக்கும் கட்டில் சேர்ப்பவர், வேறொரு வீட்டின் வாடகையைத் தம் வீட்டுக்குக் கணக்கிட்டவர் ஆவார். பட்டியல் பரவப் பரவ அந்த அட்டையை எல்லாரும் முன்னதாகவே எடுக்கத் தொடங்குவதால், துணை அட்டைகள் சிதறிப்போய், அதன் பயன் குறைவதும் உண்டு.

முப்பது ஆண்டுகளில் திரண்ட இவ்வறிவைச் சுருக்கினால், தாக்கும் உயிரி அட்டையை டிராஃப்டில் எடுக்குமுன் கேட்கவேண்டிய கேள்விகள் ஐந்து: அது எந்த முறையில் களத்துக்கு வரும், இத்தொகுப்பின் சாதாரணத் தடுப்பாளரை எதிர்த்து எத்தனை முறை தாக்கும், தாக்க இயலாத நிலையிலும் அதற்கு ஏதேனும் வேலை உண்டா, அதன் குறை இந்தக் கட்டுக்கு உண்மையாகவே குறைதானா, அதனோடு சேர இன்னும் ஐந்தாறு உயிரிகள் வருவதற்கு மேசையில் வழி திறந்திருக்கிறதா. இவற்றுள் எந்த ஒன்றுக்கும் விடை அட்டையின் கீழ்மூலையில் அச்சிடப்பட்டிருக்கவில்லை. சவானா லயன்ஸ் 1993இல் 2/1 ஆக இருந்தது. இன்றும் 2/1 ஆகவே இருக்கிறது.